விர்ச்சுவல் மெஷினுக்குள் திரைவாசிப்பான் ஏன் வாய் திறப்பதில்லை?

வந்த கேள்வி இது: "பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவி. பார்வை முழுவதும் இல்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ராம், விண்டோஸ் 11, என்விடிஏ. ஆபரேட்டிங் சிஸ்டம் லேபுக்காக விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் போடச் சொல்லியிருக்கிறார்கள். விஎம்மை ஸ்டார்ட் செய்தால் என்விடிஏ ஜன்னலின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. 'உன்னால் ஆகாது, ரெக்கார்டு நோட்டில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடு' என்கிறார்கள். நிஜமாகவே முடியாதா?"

முடியும். எனக்கும் பார்வை கிடையாது. சர்வர்களைப் பராமரிப்பதுதான் தொழில். நாலைந்து விஎம்களை, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான விர்ச்சுவல் மெஷின்களை, திறந்து மூடாமல் என் நாள் முடியாது. ஆனால் முதல்முறை ஒரு விஎம்மைத் திறந்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து லேப்டாப்பையே அணைத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானான என்விடிஏ ஏன் நின்றுவிடுகிறது? திரைவாசிப்பான் திரையைப் பார்த்து வாசிப்பதில்லை. ஒவ்வொரு மென்பொருளும் "இது பொத்தான், இதன் பெயர் இது, இது பட்டியல், இதில் ஐந்து வரி" என்று விண்டோஸிடம் சொல்லி வைக்கிறது. என்விடிஏ அதைக் கேட்டு வாங்கி நமக்குச் சொல்கிறது. விஎம் ஜன்னலுக்குள் அப்படிச் சொல்லிவைக்க ஆளில்லை. உள்ளே ஓடும் லினக்ஸ் தன் திரையை வரைகிறது, விஎம்மை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் அந்தப் படத்தை ஜன்னலில் ஒட்டுகிறது. வெளியே இருக்கும் என்விடிஏவுக்கு அது சுவரில் மாட்டிய போட்டோ. போட்டோவில் கதவு இருக்கலாம், தட்டினால் திறக்காது.

வெளியே வர முடியாததற்குக் காரணம் வேறு. விஎம் ஜன்னலுக்குள் போனதும் விர்ச்சுவல்பாக்ஸ் கீபோர்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்ட் டேப் அடித்தாலும் அது உள்ளே இருக்கும் லினக்ஸுக்குத்தான் போகும். விடுவிக்க ஒரு சாவி உண்டு: வலதுபக்க கன்ட்ரோல். அதை ஒருமுறை தட்டி விட்டுவிட்டால் கீபோர்டு உங்கள் கைக்கு வந்துவிடும், பிறகு ஆல்ட் டேப் வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், இப்போது வரும் பல லேப்டாப்களில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் கோபைலட் பொத்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்களுடையது அப்படியென்றால் விஎம்மைத் தொடுவதற்கு முன்பே விர்ச்சுவல்பாக்ஸின் பொது அமைப்புகளில் உள்ளீட்டுப் பகுதிக்குப் போய் ஹோஸ்ட் கீ எனப்படும் அந்த விடுவிக்கும் சாவியை வேறு சாவிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேரில் விடுவிக்க கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து. எந்த மென்பொருளானாலும் முதலில் கற்க வேண்டியது வெளியேறும் வழி. கிணற்றில் இறங்குமுன் கயிற்றைக் கட்டிக்கொள்வது மாதிரி.

இனி விஷயத்துக்கு வருவோம். விஎம்மோடு பேச நமக்கு மூன்று வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினியே தன் சொந்தத் திரைவாசிப்பானால் பேசலாம். அல்லது அது பேசாமல் இருக்க, அதன் எழுத்தை மட்டும் வெளியே இழுத்து வந்து நம் என்விடிஏவை வாசிக்க வைக்கலாம். இரண்டும் இல்லாத நேரத்தில் அந்த போட்டோவையே ஓசிஆர் செய்து, அதாவது படத்திலிருந்து எழுத்தை அடையாளம் கண்டு, படிக்கலாம். யாரிடம் கேட்டாலும் முதல் வழியைத்தான் சொல்வார்கள்: சவுண்டு கார்டை இயக்கு, டிரைவரைப் போடு, லினக்ஸின் திரைவாசிப்பானான ஆர்காவை ஓட்டு. நான் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன். உள்ளே இருப்பது பேசித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் தேவையே இருக்காது. விஎம்முக்குள்ளிருந்து வரும் குரல் எப்போதும் ஒரு நொடியின் பகுதி தாமதமாகத்தான் வரும். வேகமாக அம்புக்குறி அடித்துப் பழகிய காதுக்கு அந்தத் தாமதம் பெரிய எரிச்சல். எழுத்து வெளியே வந்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது.

உங்கள் லேபுக்கு விர்ச்சுவல்பாக்ஸே தேவையா என்பதையும் பாருங்கள். ஷெல் கட்டளைகள், ஷெல் ஸ்கிரிப்ட், சி நிரலில் ஃபோர்க், பைப் என்றுதான் பயிற்சிகள் போகிறதென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். அட்மினிஸ்ட்ரேட்டராக பவர்ஷெல்லைத் திறந்து டபிள்யூஎஸ்எல், ஒரு இடைவெளி, இரண்டு ஹைஃபன், இன்ஸ்டால் என்று தட்டினால் உபுண்டு என்ற லினக்ஸ் வந்து இறங்கிவிடும். இதன் இரண்டாம் பதிப்பு உள்ளுக்குள் ஒரு விஎம்தான், ஆனால் நம் முன் வருவது சாதாரண டெர்மினல் ஜன்னல். என்விடிஏ ஒவ்வொரு வரியையும் வாசிக்கும். பேராசிரியரிடம் "இதுவும் நிஜமான லினக்ஸ் கர்னல்தான்" என்று சொல்லிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். இன்ஸ்டால் செய்வது, டிஸ்க்கைப் பிரிப்பது, பூட் ஆவது இவையெல்லாம் பாடத்தில் இருந்தால்தான் முழு விஎம் வேண்டும்.

அப்படி வேண்டுமென்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையை எடுங்கள். உபுண்டுவைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதன் நேரடி டெஸ்க்டாப்பில் ஆல்ட், விண்டோஸ் பொத்தான், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்கா பேசத் தொடங்கும் என்பதும் உண்மை. ஆனால் டெபியனின் இன்ஸ்டாலர் எழுத்து வடிவிலேயே பேசும், அதுதான் நமக்கு இதம். நெட் இன்ஸ்டால் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு. டெஸ்க்டாப் இல்லாமல் போட்டால் உள்ளே 1 ஜிபி ராம் கொடுத்தால் போதும். உங்கள் 8 ஜிபியில் மீதி விண்டோஸுக்கும் என்விடிஏவுக்கும் தாராளமாக இருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் புதிய விஎம் உருவாக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டியதும், 7ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே இன்ஸ்டால் செய்கிறேன் என்று கிளம்பிவிடும். அந்தத் தானியங்கி இன்ஸ்டாலுக்கான செக்பாக்ஸைத் தேடி, அது நடக்காதபடி மாற்றி வையுங்கள். இல்லையென்றால் பேச்சில்லாமல் ஏதோ ஒன்று ஓடி முடிந்து, நீங்கள் வைக்காத பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட ஒரு கணினி உங்களுக்காகக் காத்திருக்கும். அடுத்து ஆடியோ பகுதி. ஆடியோவை இயக்கும் செக்பாக்ஸ் ஒன்று, ஒலியை வெளியே அனுப்பும் செக்பாக்ஸ் இன்னொன்று. இரண்டும் தேர்வாகியிருக்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு "சவுண்டு போட்டுவிட்டேனே" என்று மணிக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்; அதில் நானும் ஒருவன்.

இந்த அமைப்பு ஜன்னல்கள் என்விடிஏவோடு எப்போதும் ஒத்துழைக்கும் என்று சொல்ல மாட்டேன். விர்ச்சுவல்பாக்ஸின் முகப்பு க்யூடி என்ற நூலகத்தில் எழுதப்பட்டது. சில பட்டியல்களில் டேப் எங்கே போகிறதென்றே தெரியாது. அப்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளைக் கருவி விர்ச்சுவல்பாக்ஸோடேயே வருகிறது, ப்ரோகிராம் ஃபைல்ஸில் ஆரக்கிள் ஃபோல்டருக்குள் இருக்கும். விஎம்மை உருவாக்குவது, ராமை மாற்றுவது, ஆடியோவை இயக்குவது, ஸ்டார்ட் செய்வது, விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுப்பது எல்லாவற்றையும் ஒரு வரியில் முடிக்கலாம். கண் தெரிந்தவர்கள் பத்து கிளிக் செய்வதை நாம் ஒரு பேட்ச் கோப்பில் எழுதி வைத்து, தேவையானபோது ஓட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் நாம்தான் வேகம்.

இப்போது விஎம்மை ஸ்டார்ட் செய்யுங்கள். டெபியனின் பூட் மெனு வந்ததும் நிஜக் கணினியாக இருந்தால் பீப் ஒலி கேட்கும்; பழைய பயாஸ் முறையில் ஒன்று, யூஇஎஃப்ஐ முறையில் இரண்டு. விஎம்மில் அந்த பீப் பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேராது. அதனால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் இரும்புத் தொண்டையில் ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசும். அதுதான் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள். இனி ஒவ்வொரு கேள்வியும் எண் போட்ட பட்டியலாக வரும். வேண்டிய எண்ணைத் தட்டி என்டர், அவ்வளவுதான். மொழி, நாடு, கீபோர்டு, பெயர், கடவுச்சொல். ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் நீங்கள் உருவாக்கும் பயனருக்கே சூடோ என்ற நிர்வாகி உரிமை கிடைக்கும். கற்றுக்கொள்பவருக்கு அதுவே வசதி. டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். அது உங்கள் லேப்டாப் டிஸ்க் இல்லை, ஒரு கோப்பு மட்டுமே. கடைசியில் என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்கும்போது டெஸ்க்டாப் எதையும் எடுக்காமல், வேறு கணினியின் டெர்மினலிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அந்த எஸ்எஸ்ஹெச்தான் இரண்டாவது வழியின் வாசல். விஎம்மின் நெட்வொர்க் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒன்று இருக்கிறது. வெளியே 2222, உள்ளே 22 என்று ஒரு விதி எழுதுங்கள். அப்புறம் விஎம்மை ஹெட்லெஸ் முறையில், அதாவது ஜன்னலே இல்லாமல், ஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் டெர்மினலில் எஸ்எஸ்ஹெச் கட்டளை கொடுத்து 127.0.0.1 முகவரியில் 2222ஆம் போர்ட்டுக்குப் போனால் உள்ளே நுழைந்துவிடுவீர்கள். கீபோர்டைப் பிடித்துக்கொள்ள ஜன்னல் இல்லை, ஒலி தாமதம் இல்லை, திரைவாசிப்பான் கட்டளைகளுக்கான இன்சர்ட் விசை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இல்லை. உங்களுக்குப் பழகிய குரலில், பழகிய வேகத்தில், என்விடிஏ வாசிக்கும். நான் பார்க்கும் சர்வர்களில் பெரும்பாலானவை இப்படித்தான்; அவை எதுவும் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லா டெர்மினலும் ஒரே குரலில் வாசிக்கப்படுவதால் எந்தக் கணினிக்குள் நிற்கிறோம் என்பது மறந்துபோகும். ஒரு தடவை உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஷட்டவுன் கட்டளை கொடுத்தேன். அணைந்தது என் லேப்டாப். சேமிக்காத கோப்பு மூன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு விஎம்மின் ப்ராம்ப்ட்டிலும் கணினியின் பெயரை முதலில் வரும்படி மாற்றி வைக்கிறேன், ஆபத்தான கட்டளைக்கு முன் அந்த வரியை ஒருமுறை கேட்டுவிடுகிறேன். உள்ளேயும் திரைவாசிப்பான் பேசும் விஎம் என்றால் குரலையே மாற்றிவிடுங்கள். எனக்கு வெளியே ஆண் குரல், உள்ளே பெண் குரல். யார் பேசுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

சரி, உள்ளே பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எப்போது வரும்? டெஸ்க்டாப் உள்ள லினக்ஸைக் கற்கும்போது, அல்லது விஎம்மில் இன்னொரு விண்டோஸைப் போட்டுச் சோதிக்கும்போது. அங்கேதான் இரண்டு திரைவாசிப்பான்கள் ஒரே கீபோர்டுக்கு அடித்துக்கொள்ளும். விண்டோஸில் கீபோர்டை ஒட்டுக்கேட்க மென்பொருள்கள் கொக்கி போடும். கடைசியாக வந்து வாசலில் நிற்பவனுக்கே முதல் விசை கிடைக்கும். வெளி என்விடிஏ முன்னால் நின்றால் நீங்கள் அழுத்தும் இன்சர்ட்டை அதுவே விழுங்கிவிடும், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் போகாது. சிலநேரம் ஒரே விசைக்கு இரண்டும் பதில் சொல்லும். கேட்கச் சகிக்காது.

இதற்கு நான் கையாளும் தீர்வு என்விடிஏவின் உறக்க நிலை. விஎம் ஜன்னலில் நின்றுகொண்டு என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), ஷிஃப்ட், எஸ். லேப்டாப் அமைப்பு வைத்திருந்தால் எஸ்ஸுக்குப் பதில் இசட். அந்த மென்பொருளுக்குள் இருக்கும்வரை வெளி என்விடிஏ பேசாது, விசைகளையும் தொடாது. நீங்கள் வேறு ஜன்னலுக்குப் போனதும் தானே விழித்துக்கொள்ளும். விசையைக் கீபோர்டு பிடிபடுவதற்கு முன்பே, அதாவது ஹோஸ்ட் கீயால் விடுவித்த நிலையில் அழுத்துங்கள். பிடிபட்ட பிறகு அந்த விசையும் உள்ளே போய்விடக்கூடும். இன்னொரு ஏற்பாடு, சொத்துப் பிரிப்பது மாதிரி: வெளி என்விடிஏவுக்கு இன்சர்ட் மட்டும், உள்ளே இருப்பதற்கு கேப்ஸ் லாக் மட்டும். என்விடிஏவின் கீபோர்டு அமைப்பில் எது எது என்விடிஏ விசை என்று தேர்வு செய்யலாம். ஆர்காவை லேப்டாப் அமைப்புக்கு மாற்றினால் அது கேப்ஸ் லாக்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் கேப்ஸ் லாக் உள்ளே ஒரு நிலையிலும் வெளியே ஒரு நிலையிலும் மாட்டிக்கொண்டு, கடவுச்சொல் ஏற்கப்படாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாள் ஒன்று வரும். அப்போது இது நினைவிருக்கட்டும்.

விஎம்வேரில் இன்னொரு கூத்து. என்விடிஏவைத் தொடங்கும் குறுக்குவழி கன்ட்ரோல், ஆல்ட், என். விஎம்வேரில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் வெளியேறும் சாவி. உள்ளே என்விடிஏவை எழுப்ப நினைத்து அழுத்தினால் நீங்கள் வெளியே வந்து விழுவீர்கள், உள்ளே இருப்பது தூங்கிக்கொண்டே இருக்கும். உள் விண்டோஸில் என்விடிஏ, லாகின் திரையிலிருந்தே தொடங்கும்படி அமைத்துவிட்டால் அந்தக் குறுக்குவழியே தேவைப்படாது. மற்றபடி விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். என் காதுக்கு அதில் உள் குரலின் தாமதம் குறைவாகத் தெரிகிறது. அதன் ஒவ்வொரு விஎம்மின் அமைப்பும் விஎம்எக்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருப்பதால், ஜன்னலில் சிக்கும் அமைப்பை நோட்பேடில் திறந்து திருத்திக்கொள்ளலாம் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

உள்ளே விண்டோஸ் 11 போடுவதென்றால் முதலில் ஒரு கணக்கு. அது குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும். டிபிஎம்மை விர்ச்சுவல்பாக்ஸ் 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து தருகிறது. உங்கள் 8 ஜிபியில் பாதியை உள்ளே கொடுத்தால் இரண்டு பக்கமும் மூச்சுத் திணறும், குரல் விட்டுவிட்டு வரும். முடிந்தால் தள்ளிப்போடுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் சவுண்டு கார்டு வகையை ஹெச்டி ஆடியோவில் வையுங்கள். பழைய ஏசி97 வகைக்கு விண்டோஸ் 11இல் டிரைவர் கிடையாது.

ஸ்டார்ட் செய்ததும் "சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது ஒரு விசையை அழுத்து" என்று ஒரு வரி சில நொடிகள் மட்டும் நின்றுவிட்டு மறையும். நமக்கு அது கேட்காது. அதைத் தவறவிட்டுவிட்டு, இன்ஸ்டாலர் வரும் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட் கொடுத்த உடனே ஸ்பேஸ் பாரை நொடிக்கொரு முறை ஏழெட்டுத் தடவை தட்டுங்கள். ஒரு நிமிடம் கழித்து கன்ட்ரோல், விண்டோஸ் பொத்தான், என்டர் அழுத்தினால் விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும். கீபோர்டு உள்ளே பிடிபட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வெளி விண்டோஸின் நரேட்டர் கிளம்பி, அதுவும் என்விடிஏவும் சேர்ந்து கச்சேரி நடத்தும்.

உள் விண்டோஸில் என்விடிஏ வந்துவிட்ட பிறகு, தாமதக் குரலைச் சகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே ரிமோட் வசதி வந்துவிட்டது. முன்பு அது தனி ஆட் ஆனாக இருந்தது. உள்ளேயும் வெளியேயும் என்விடிஏ ஓடினால் இரண்டையும் இணைத்துவிடலாம். உள்ளே இருப்பது ஒலியை அனுப்பாது, சொல்ல வேண்டிய வார்த்தைகளை மட்டும் அனுப்பும். வெளி என்விடிஏ அதைத் தன் குரலில் பேசும். விஎம்மில் சவுண்டு கார்டு இல்லாவிட்டாலும் நடக்கும். இணையத்தில் உள்ள பொது சர்வர் வழியாகப் போகாமல் வெளிக் கணினியையே சர்வராக வைக்கலாம்: போர்ட் 6837. விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான நாட் நெட்வொர்க்கில் உள்ளிருந்து பார்த்தால் வெளிக் கணினியின் முகவரி 10.0.2.2. அந்த இணைப்பை விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலியில்லாமலும் நடக்கும் என்பது ஹைப்பர் வி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் வரும் இந்த விஎம் மென்பொருள், விஎம்முக்கு சவுண்டு கார்டே கொடுப்பதில்லை. உள்ளே விண்டோஸ் ஓடத் தொடங்கி, ரிமோட் டெஸ்க்டாப் முறையில் இணைந்த பிறகுதான் ஒலி வரும். இன்ஸ்டால் நடக்கும்போது முழு மௌனம். புதிதாக இறங்குபவர் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

உள் குரல் திக்கித் திக்கி வந்தால் பலரும் சவுண்டு அமைப்பையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவாக இருக்காது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்போ, டபிள்யூஎஸ்எல்லோ இயங்கினால் விஎம்களை இயக்கும் விண்டோஸின் சொந்த அடித்தளமான ஹைப்பர்வைசர் அடியில் உட்கார்ந்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோள்மேல் ஏறித்தான் ஓட வேண்டும், வேகம் குறையும். இதைத் தெரிவிக்க விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படத்தைக் காட்டுகிறார்கள். படம்! நம்மில் எத்தனை பேர் அந்த ஆமையைக் கேள்விப்பட்டிருப்போம்? விஎம்மின் லாக் கோப்பைத் திறந்து என்இஎம் என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். அதற்கு மாறியதாக வரி இருந்தால் ஆமை உங்கள் வீட்டில்தான். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் வேகம் கூடும், பாதுகாப்பு குறையும். எழுத்து மட்டும் உள்ள டெபியனுக்கு ஆமை வேகமே போதும் என்பதால் உங்களை அணைக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியான ஓசிஆரை முதலுதவிப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விஎம் எங்கோ நின்றுவிட்டது, குரல் இல்லை, எஸ்எஸ்ஹெச்சும் போகவில்லை. கீபோர்டை விடுவித்துவிட்டு விஎம் ஜன்னலில் நின்றபடி என்விடிஏ விசையும் ஆரும் அழுத்துங்கள். விண்டோஸின் ஓசிஆர் அந்த போட்டோவில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும். அம்புக்குறியால் வரிவரியாகக் கேட்டுவிட்டு எஸ்கேப் அடித்து வெளியேறலாம். பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்தியா, க்ரப் என்ற பூட் மெனுவா, கடவுச்சொல் கேட்கிறதா என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும். நிஜக் கணினியின் பயாஸ் திரையை நம்மால் இப்படிப் படிக்க முடியாது. விஎம்மின் பயாஸை முடியும். கண் தெரிந்த யாரையும் கூப்பிடாமல் நான் முதன்முதலில் பயாஸ் அமைப்பை மாற்றியது ஒரு விஎம்மில்தான். ஒன்று, திரையைக் கறுப்பாக்கும் என்விடிஏவின் திரைமறைப்பை இயக்கி வைத்திருந்தால் ஓசிஆர் வேலை செய்யாது, முதலில் அதை அணைக்க வேண்டும்.

மேக் வைத்திருக்கும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. விஎம் ஓட்டும் மென்பொருள் ஃப்யூஷனோ யூடிஎம்மோ, விஎம்முக்குள் போகும்போது கமாண்டும் எஃப்5உம் அழுத்தி மேக்கின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரை அணைப்பதுதான் நிம்மதி. மேக் லேப்டாப்பில் இன்சர்ட் கிடையாது, அதனால் உள் என்விடிஏவுக்கு கேப்ஸ் லாக்கைக் கொடுங்கள். அப்போது வாய்ஸ்ஓவரின் விசையாக கேப்ஸ் லாக் இருக்கக் கூடாது. ஜாஸ் என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு விஎம்மும் உரிமத்தின் பார்வையில் தனிக் கணினி. உரிமமில்லாமல் 40 நிமிடம் ஓடும், பிறகு உள்ளே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சும்மா சோதிக்க அதுவே போதும்.

உள்ளே முதல்முறை குரல் வந்த அந்த நிமிடமே, அல்லது எஸ்எஸ்ஹெச் இணைந்த அந்த நிமிடமே, ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்டேட் ஒன்று குரலைப் பறித்துக்கொண்டு போகும் நாளில், பேசிய நிலைக்கு ஒரே கட்டளையில் திரும்பிவிடலாம். நிஜக் கணினியில் குரல் போனால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி ஓட வேண்டும். விஎம்மில் அந்த ஓட்டம் கிடையாது, அதனால்தான் எதையும் உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள நமக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்கிறேன்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படிக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒட்டச் சொல்வார்கள். விபாக்ஸ்மேனேஜில் விஎம்மின் பெயரைக் கொடுத்து ஸ்கிரீன்ஷாட்பிஎன்ஜி என்ற கட்டளையை ஓட்டினால் உள்திரை மட்டும் சுத்தமாகப் படக் கோப்பாகும், ஹெட்லெஸ்ஸாக ஓடும்போதும்கூட. அது பிடிப்பது விஎம்மின் சொந்தத் திரையைத்தான், எஸ்எஸ்ஹெச்சில் நீங்கள் செய்வது அதில் வராது. அவற்றுக்கு டெர்மினல் ஜன்னலை ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் அழுத்திப் பிடியுங்கள். கோப்புக்குப் பயிற்சி எண்ணையே பெயராக வையுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து என்விடிஏ விசையும் ஆரும் அழுத்தி, நினைத்த திரைதான் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் அனுப்பிய பன்னிரண்டு படமும் வெறும் கறுப்பு. திரை அணைந்திருந்த நேரத்தில் எடுத்திருக்கிறேன்.